ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகாதுங்க

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது வாக்கியத்துக்குள் ஏதாவது ஓர் உறுப்பு பேச்சில் வந்துவிடுகிறது. உங்களுக்கு முழங்கால் என்பீர்கள், பக்கத்தில் இருப்பவர் தன் கணையத்தைப் பற்றிச் சொல்வார். என் முறை வரும்போது நான் மூக்கைச் சொல்வேன். உங்கள் உறுப்புகளெல்லாம் ஐம்பது வயது வரை மரியாதைக்குக் காத்திருந்து கைவிட்டன. என் மூக்குக்கு அந்தப் பொறுமை இல்லை. எனக்கு நினைவு தெரிந்தபோதே அது ஓய்வு பெற்றிருந்தது.

காரணம் எங்கள் வீடு. திருப்பூரில் எண்பதுகளில் பனியன் துணி நெய்தவர்களின் வீடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். முன்கூடத்தில் வட்ட வட்டமாக நிட்டிங் மிஷின்கள், பின்கட்டில் நாங்கள். மிஷின் ஊசிகளுக்கு விடும் எண்ணெய் காற்றிலேயே கலந்து இருக்கும். சோற்றில், துண்டில், கணக்கு நோட்டின் அட்டையில், சாமி படத்துக் கண்ணாடியில் என்று எங்கும் ஒரு மெல்லிய பூச்சு. பள்ளியில் என்னோடு உட்கார்ந்தவன் சாயப்பட்டறை வீட்டுப் பையன். அவன் மேல் என்ன வாடை அடித்தது என்று எனக்குத் தெரியாது, என் மேல் என்ன அடித்தது என்று அவனுக்குத் தெரியாது. எங்கள் நட்பு அந்த அறியாமையின் மேல் உறுதியாக நின்றது.

அம்மா மட்டும் வெளியூர் மூக்கோடு வந்தவள். தாராபுரம் சாலையில் அவிநாசிபாளையத்துக்குப் பக்கம் அவளுக்குப் பிறந்த வீடு. அங்கே காற்றுக்கு வேறு வேலை இல்லை, காற்றாக மட்டுமே இருக்கும். இங்கே வந்து சில வருடங்களில் பஞ்சுத் தூசி அவள் நெஞ்சில் குடியேறிவிட்டது. மாடிப்படி ஏறினால் விசில் சத்தம் கேட்கும். சிறுவயதில் நான் அதை ஒரு திறமை என்று நினைத்திருந்தேன்.

அப்பா முதலில் கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவே கதவு போட்டார். பிறகு கோயம்புத்தூரில் நெஞ்சு டாக்டர் ஒருவரைக் கண்டுபிடித்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்து அம்மா இரண்டு நாள் படுத்துவிட்டாள். அதன் பிறகுதான் கார் வந்தது. அந்தக் கார் அம்மாவின் மூச்சுக்காக வாங்கப்பட்டது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், முடிவில் நீங்கள் அப்பாவைக் கொடியவர் என்று எழுந்து போய்விடக் கூடாது.

பழைய கார். எங்களுக்கு முன் பலரைச் சுமந்து தேய்ந்தது. பச்சை ரெக்சின் இருக்கை, வெயிலில் தொடையைச் சுடும். கண்ணாடியை ஏற்றி இறக்கக் கதவுக்கு ஒரு கைப்பிடி, அதன் நுனியில் கறுப்புக் குமிழ். அந்தக் குமிழைச் சுற்றுவது போல ஒரு சுகத்தை நான் பிற்காலத்தில் எதிலும் அடையவில்லை. இப்போதெல்லாம் ஒரு பொத்தான், தொட்டால் கண்ணாடி தானாக இறங்குகிறது. உழைக்காமல் கிடைக்கும் காற்று.

கார் வந்த முதல் வாரமே வாசலில் எண்ணெய்த் திட்டு விழுந்தது. அம்மா சிமெண்டுத் தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க நெஞ்சு விசிலடித்தது. அப்பா பார்த்துக்கொண்டே நின்றார்.

"விடு புள்ள. இனி ஒழுகாம நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளவும் செய்தார். அவர் அறிந்த ஒரே முறையில்.

நிட்டிங் தொழிலில் எண்ணெய் ஒழுகுவது ஒரு நோயல்ல. ஒழுகாத மிஷின் என்றால் ஓடாத மிஷின் என்று பொருள். ஆனால் அந்தச் சொட்டு துணியில் விழக் கூடாது. வெள்ளைத் துணியில் ஓர் எண்ணெய்க் கோடு விழுந்தால் அந்த ரோல் போச்சு. அதனால் காலையில் கம்பெனி திறந்ததும் முதல் வேலை, எங்கெங்கே கசிகிறதோ அங்கெல்லாம் பனியன் வேஸ்ட்டைச் சுருட்டிக் கட்டுவது. வெட்டும்போது மிஞ்சும் துணிதான் வேஸ்ட். எங்கள் ஊரில் அது மண்ணைவிட மலிவு. மறுநாள் பழையதை எடுத்துவிட்டுப் புதியது. கசியும் மிஷினில் எண்ணெய் குறைந்திருக்கும், அதையும் ஊற்றி நிரப்பிவிட வேண்டும்.

இதையேதான் அப்பா காருக்கும் செய்தார். குளித்துத் திருநீறு பூசி, மிஷின்களுக்கெல்லாம் கட்டிவிட்டு, கடைசியாகக் காரின் பானெட்டைத் திறப்பார். என்ஜின் தலைமேல் ஒரு மூடி உண்டு, அதன் ஓரத்தில்தான் கசிவு. அதற்குக் கீழே, கசியும் பக்கத்தில், ஒரு சுருள் வேஸ்ட்டை அணைத்தாற்போல் செருகி முடிச்சுப் போடுவார். சாமிக்கு மாலை சாத்துவது போல இருக்கும். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முந்தைய நாள் துணி கறுத்துத்தான் இருக்கும். எண்ணெய் பட்ட துணி கறுக்காமல் வெளுக்கவா செய்யும்?

வாசல் சுத்தமாயிற்று. அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள்.

வாசம் அதன் பிறகுதான் ஆரம்பித்தது. கோயம்புத்தூர் போகும் வழியில், அவிநாசியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், பின்னிருக்கையிலிருந்து அம்மா சொன்னாள்.

"ஏனுங்க, என்னமோ கருகற வாசம் வருதுங்க."

"என்ன வாசம்?"

"எண்ணெய்ங்க. எண்ணெய் தீயற வாசம்."

அப்பா சிரித்துவிட்டார். "எண்ணெய் வாசம் இல்லாத எடம் நம்மூட்டுல ஏது புள்ள?"

"அது பச்சை எண்ணெய்ங்க. இது தீயறது. அடுப்புல தாளிக்க வெச்சுட்டு மறந்தாப்பல."

அப்பா மூக்கை உறிஞ்சினார். என்னையும் உறிஞ்சச் சொன்னார். நான் என் வயதுக்குரிய முழு ஈடுபாட்டோடு உறிஞ்சினேன். ஒன்றுமில்லை. சத்தியமாக ஒன்றுமில்லை.

ஆனாலும் அப்பா அலட்சியம் செய்யவில்லை. அடுத்த வாரமே மெக்கானிக்கிடம் போனார். போவதற்கு முன் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். கட்டியிருந்த வேஸ்ட்டை எடுத்துப் போட்டார். என்ஜினை மேலிருந்து கீழ்வரை துடைத்தார். காதர்பேட்டையிலிருந்து துணி பார்க்க வியாபாரிகள் வரும் நாளில் மிஷினுக்குச் செய்கிற அதே அலங்காரம். வெளியாள் பார்க்கும்போது எண்ணெய் வழியும் மிஷினைக் காட்டுவது, எங்கள் ஊர் நியாயப்படி, வேட்டி அவிழ்ந்து நிற்பதற்குச் சமம்.

மெக்கானிக் நல்ல மனிதர். பானெட்டைத் தூக்குவதற்கு முன்பே கேட்டார்.

"மொதலாளி, எண்ணெய் கருகுதுன்னா எண்ணெய் எங்கியோ சூட்டு மேல விழுகோணும். மேல்மூடியில கசிவு உண்டுங்களா?"

அப்பா யோசிக்கவே இல்லை. துணி வியாபாரிகளிடம் வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிய வாக்கியம் தானாக வந்தது.

"நம்மகிட்ட ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகாதுங்க."

மெக்கானிக் உள்ளே பார்த்தார். "அட, கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தனை தொடைக்க மாட்டாங்களாட்ட இருக்குது!"

அப்பா முகத்தில் வந்த பெருமை எனக்கு நினைவிருக்கிறது.

என்ஜின் சுத்தம் என்றானபின் வேறு இடம்தானே தேட வேண்டும்? முதல் தடவை கிளட்ச் தேய்கிறது என்றார். கிளட்ச் மாறியது. அடுத்த தடவை வயர் சூடாகிறது என்றார். வயர் மாறியது. பிறகு பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று சக்கரங்களைக் கழற்றினார். ஒவ்வொரு தடவையும் அப்பாவும் அவரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள்.

"வருதுங்களா?"

"இல்லீங்களே. உங்களுக்கு?"

"எனக்கும் இல்லீங்க."

ஒருவர் ஊசி எண்ணெயில் வளர்ந்தவர், மற்றவர் மண்ணெண்ணெயில் கை கழுவுகிறவர். துடைத்து வைத்த என்ஜின், வேஸ்ட் கட்டாத ஓட்டம், இந்த இரண்டு மூக்குகள். உலகத்தில் எந்தப் பழுதையும் இப்படித் தேடினால் கிடைக்காது. வீடு திரும்பியதும் அப்பா புது வேஸ்ட்டைக் கட்டிவிடுவார்.

மெக்கானிக் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஊட்டுக்காரம்மாளையே ஒருக்காக் கூட்டிட்டு வாங்க மொதலாளி. அவங்க மூக்கு காட்டற எடத்தப் பாத்துப் போடலாம்."

"பொம்பளையக் கொண்டாந்து பட்டறையில நிறுத்தச் சொல்றியா நீ?" என்றார் அப்பா.

இன்று யோசித்தால் அந்த ஊரில், அந்தக் காரைப் பற்றி, அந்த ஆண்டில் சொல்லப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான வாக்கியம் மெக்கானிக்கினுடையது. அது மரியாதைக் குறைவு என்று தள்ளுபடியாயிற்று.

சித்தப்பா கம்பெனியில் அப்பாவுக்குக் கூட்டு. அம்மாவை நங்கையா என்று கூப்பிடுவார், எங்கள் பக்கத்தில் அண்ணிக்கு அதுதான் சொல். விடாமல் வம்பிழுப்பார்.

"நங்கையா, வெளக்குத் திரி வாசம் சேலையில ஒட்டியிருக்கும். நல்லா மோந்து பாருங்க."

"வெளக்கு எங்கூடக் கோயமுத்தூர் வரைக்குமா வருதுங்க கொழுந்தனாரே?"

"பக்தி முத்திப் போனா வருமுங்க."

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. அந்த மாதங்களில் அவளுக்கு எல்லாமே இருமலில்தான் முடிந்தன. சாலையில் காரின் கண்ணாடியை முழுக்க இறக்கி, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு வருவாள். எதிரே லாரி வந்தால் மட்டும் உள்ளே இழுத்துக்கொள்வாள். அப்பா முன்னாலிருந்த கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்துப் பார்த்துப் பதறுவார். தூசி ஆகாது, குளிர்காற்று ஆகாது என்பது டாக்டரின் முதல் கட்டளை.

கடைசியில் அப்பா வாசத்தைப் பற்றி டாக்டரிடமே சொல்லிவிட்டார். அன்று நானும் அறையில் இருந்தேன். டாக்டர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"வேற யாருக்காவது அந்த வாசம் வருதா?"

பதில் அப்பா சொன்னார். "இல்லீங்க. கார் மூணு தடவை வேலைக்கு விட்டாச்சுங்க."

அதற்குப் பிறகு டாக்டர் அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவிடம்தான் பேசினார். இல்லாத வாசம் தெரிவது சிலருக்கு உண்டு, அது நரம்பு சம்பந்தப்பட்டது, ரொம்ப நாள் மூச்சுத்திணறல் இருப்பவர்களுக்குப் பயத்தினால் வரலாம், அதிகமானால் அதற்கென்று இருக்கிற டாக்டரிடம் அனுப்புகிறேன் என்றார். கண்ணாடியை மட்டும் கண்டிப்பாக ஏற்றியே வையுங்கள் என்றார்.

வெளியே வரும்போது அப்பாவின் தோள்கள் லேசாகியிருந்தன. கார் பிழைத்துவிட்டது.

மறுநாள் காலை வேஸ்ட் கட்டி முடித்த கையோடு, பின்கதவில் அம்மா உட்காரும் பக்கத்துக் கைப்பிடியைக் கழற்றினார். "உங்கம்மா பேச்சுக் கேக்க மாட்டீங்கறா. நெஞ்சு கெட்டுப் போகும்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே அதைத் துடைத்து, முன்பக்கப் பெட்டிக்குள் போட்டு மூடினார். அவர் குரலில் கோபமே இல்லை. பிள்ளை கையிலிருந்து கத்தியை வாங்கி வைப்பது போலத்தான் இருந்தது. கதவில் பல் வைத்த இரும்பு முளை மட்டும் துருத்திக்கொண்டு நின்றது.

'அதற்கென்று இருக்கிற டாக்டர்' யார் என்று அம்மாவுக்குத் தெரியும். அப்படி ஒரு டாக்டரிடம் போய்வந்த பெண்ணை ஊர் பிறகு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும் என்றும் தெரியும். சித்தப்பா வம்பிழுப்பதை நிறுத்திவிட்டார். அவளிடம் மெதுவாக, தெளிவாக, காது கேட்காதவரிடம் பேசுவது போலப் பேச ஆரம்பித்தார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த பயணத்தில் அவிநாசியைத் தாண்டியதும் அப்பா கேட்டார்.

"இப்ப வாசம் வருதா புள்ள?"

"இல்லீங்க."

"நெசமா?"

"நெசமாத்தானுங்க. சரியாப் போச்சு."

அப்பா ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். திரும்பும் வழியில் பட்டறையில் நிறுத்தி மெக்கானிக்கிடம் சொன்னார். அவரும் மகிழ்ந்தார். "பிரேக்குதானுங்க மொதலாளி, நான் அப்பவே நெனச்சேன்." மறுநாள் அவருக்கு ஒரு டஜன் பனியன் போனது.

அம்மா தைலம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தது அந்தப் பயணத்திலிருந்துதான். எதற்கு என்று கேட்டேன். "சளி கண்ணு" என்றாள்.

மார்கழியில் ஒரு காலை, பனி இறங்கியிருந்தது. அம்மாவால் மூச்சை இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. அப்பா அவளைத் தூக்கிவந்து பின்னிருக்கையில் கிடத்தினார். நான் ஏறித் தலையை மடியில் வாங்கிக்கொண்டேன். அதுவரை அந்தக் கார் அவ்வளவு வேகத்தைப் பார்த்ததில்லை. என்ஜின் அலறியது. எல்லாக் கண்ணாடிகளும் ஏறியிருந்தன, பனி உள்ளே வரக் கூடாதே.

பாதி வழியில் அவள் கை எழுந்து கதவைத் தடவியது. கைப்பிடி இருந்த இடத்துக்கு வந்து, அந்த இரும்பு முளையைச் சுற்றி ஒரு விரல் ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். பிறகு கை தானாக என் மடியில் விழுந்தது. அப்பா முன்னாலிருந்த கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"வாசம் கீசம் வருதா புள்ள?"

"இல்லீங்க" என்றாள். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே மூச்சு வாங்கியது. "ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தாள். பிறகு இல்லை.

கார்தான் அவளைக் கொன்றது என்று நான் சொல்லப் போவதில்லை. பஞ்சுத் தூசி பல வருடமாகப் பார்த்த வேலை அது, டாக்டரும் அப்படித்தான் சொன்னார். நான் சொல்வது இவ்வளவுதான். அவள் சொன்னது உண்மை. அது உண்மை என்று தெரிய எங்களுக்குத் தை கடந்து மாசி வர வேண்டியிருந்தது.

காரை விற்றுவிடுவதென்று அப்பா முடிவு செய்தார். திருமுருகன்பூண்டியில் கல் சிற்பக்கூடம் வைத்திருந்த ஒருவர் பார்க்க வருவதாகச் சொன்னார். வியாழக்கிழமை வாருங்கள் என்று சொல்லியிருந்தார் அப்பா. துடைத்து வைக்க அவகாசம் வேண்டுமல்லவா? சிற்பக்கூடக்காரரோ இந்தப் பக்கம் ஒரு பிள்ளையாரை இறக்கிவிட்டு வந்த கையோடு, சொல்லாமல் கொள்ளாமல் செவ்வாய்க்கிழமையே வந்து நின்றார். வேட்டி, மீசை, புருவமெல்லாம் கல் தூள். கல்லுக்கு வாசமில்லை, அதனால் மனிதரின் மூக்கு வாங்கிய மேனிக்கே புதிதாக இருந்தது.

வண்டியைச் சுற்றிப் பார்த்தவர் முதலில் கேட்டது கைப்பிடியை.

"இந்தக் கதவுக்குக் கைப்பிடி எங்கீங்க?"

அப்பா முன்பெட்டியைத் திறந்து எடுத்தார். "நான் மாட்டிக் குடுத்தர்றேன். நீங்க ஓட்டிப் பாருங்க" என்று ஸ்க்ரூடிரைவரோடு பின்னிருக்கையில் ஏறி, அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தார். அந்தக் காரில் அவர் பின்னால் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நான் முன்னால் ஏறிக்கொண்டேன். அவிநாசி ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருப்போம். சிற்பக்கூடக்காரர் மூக்கைச் சுளித்தார்.

"ஏனுங்க, எண்ணெய் கருகுதே?"

பின்னால் திருகும் சத்தம் நின்றது.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே" என்றார் அப்பா.

"என்னங்க தெரியலீங்கறீங்க? கண்ணு எரியுது. முன்னாலயே இப்படீன்னா பின்னால எப்படி இருக்கும்? இதுல வெச்சு ஊட்டுப் பொம்பளைகள எப்படீங்க கூட்டிட்டுப் போனீங்க?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். அம்மாவைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஓரமாக நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் தூக்கினார். புகை மெல்லியதாக எழுந்தது. என்ஜினுக்கும், புகை போகும் பழுக்கச் சூடான இரும்புக் குழாய்க்கும் நடுவே அன்று காலை கட்டிய வேஸ்ட். எண்ணெயைக் குடித்துக் கனத்து, குழாய்மேல் சாய்ந்து, ஓரமெல்லாம் பொரிந்து கொண்டிருந்தது. அவர் ஒரு குச்சியால் அதை நெம்பி வெளியே இழுத்தார்.

"எந்தப் புண்ணியவான் கட்டுனது இது? எண்ணெய நேரா விட்டிருந்தாக்கூட ரெண்டு சொட்டுக் கருகியிருக்கும். இது திரி போட்டு வெளக்கு ஏத்துன மாதிரியல்லோ இருக்குது! மேல்மூடிக்கு அடியில தக்கை வெச்சிருப்பாங்க, அது செத்துப் போச்சு. அரை மணி நேர வேலைங்க, புதுசு மாத்துனாத் தீந்துது."

இதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பெரிய அறிவு எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டு ஆளாக இல்லாதிருந்தால் போதும்.

அப்பா பின்கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கைப்பிடி மாட்டி முடித்திருந்தது. குனிந்து, மண்ணில் புகைந்து கொண்டிருந்த சுருளை எடுத்தார். சுட்டிருக்க வேண்டும், விடவில்லை. முடிச்சைப் பார்த்தார். கருகியிருந்தாலும் அது அவருடைய முடிச்சு, எங்கள் கம்பெனியில் வேறு யாருக்கும் வராத முடிச்சு.

கார் அன்றே கைமாறியது. சிற்பக்கூடக்காரர் தக்கையை வழியிலேயே மாற்றிக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே ஓட்டிப் போனார். பின்பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் முழுக்க இறக்கிவிட்டிருந்தார்.

சாயங்காலம் வாசலில், கார் நின்ற இடத்தில், அப்பா குந்தி உட்கார்ந்திருந்தார். தரையில் கறையில்லை. கையில் அந்தத் துணி. அதை மூக்கருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி இழுத்தார். முகத்தைத் துணிக்குள் புதைத்து இழுத்தார். கூடத்தில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிமிர்ந்து என்னைப் பார்த்தபோது மூக்கும் கன்னமும் கரியாக இருந்தன.

"இங்க வா கண்ணு. மோந்து பாரு. வாசம் வருதா?"

நான் மோந்து பார்த்தேன். வரட்டும் வரட்டும் என்று வேண்டிக்கொண்டே இழுத்தேன்.

"இல்லீங்கப்பா."

அம்மா பொய்யாகச் சொன்னபோது உடனே நம்பியவர், நான் நிஜமாகச் சொன்னதை நம்பவில்லை. துணியைத் திருப்பி, கருகிய பக்கமாகப் பார்த்து, மறுபடியும் என் மூக்கருகே கொண்டுவந்தார்.